ஊர் எது என்று கேட்டேன்

மலைநாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் குளிரிலும் பூவிலும் தொடங்குவார்கள். நான் போனது பூப் பார்க்க அல்ல. வடகரையில் ஒரு சிறு பொலிஸ் நிலையத்தில் நான்கு வருடம் கொன்ஸ்டபிளாக இருந்தவனை, ஹட்டன் பக்கத்து நிலையம் ஒன்றுக்கு மாற்றினார்கள். எந்த நிலையம் என்பதை விட்டுவிடுகிறேன். அங்கே முதல் ஏழு நாட்களில் ஒரு மனிதருக்கு நான் செய்ததை இதுவரை யாருக்கும் சொல்லவில்லை. இப்போது எண்பதைத் தாண்டிவிட்டேன். நாள் வரிசைப்படியே சொல்கிறேன். இல்லாவிட்டால் நடுவில் எதையாவது மறைத்துவிடுவேன்.

முதல் நாள் பஸ் கினிகத்தேனை ஏற்றத்தில் கொதித்து நின்றது. முன்மூடியைத் திறந்ததும் வந்த ஆவியைப் பார்த்து நான் வெடிக்கப்போகிறது என்று இறங்கி ஓடினேன். மற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருந்து வெற்றிலை போட்டார்கள். ஒருபக்கம் மலை, மறுபக்கம் ஒன்றுமேயில்லை. எங்கள் ஊரில் தலையைத் திருப்பினால் எந்தப் பக்கமும் வானம் தரையைத் தொடும். இங்கே வானத்தைப் பார்க்க அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

ஓடையில் தண்ணீர் எடுத்து ஊற்றிப் பஸ் மறுபடி கிளம்பியதும் சாரதி விரட்டத் தொடங்கினான். நான் கண்டக்டரை அழைத்து, "ஆறுதலாப் போகச் சொல்லுங்கோ" என்றேன். மெதுவாகப் போகச் சொல்வதற்கு யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் சொல்வோம்.

கண்டக்டர் என் முகத்தை இரக்கத்தோடு பார்த்தான். "ஆறுதலாவா? ஏன் சார், யாரு தவறிட்டாங்க?"

பஸ் முழுவதும் சிரித்தது. பின் இருக்கையிலிருந்த கிழவர் ஒருவர், "எழவு வீட்டுக்குப் போறவருன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல, எந்திரிச்சு எடம் குடுத்திருப்போமே" என்றார். எனக்குக் காது சுட்டது. தமிழ் படித்துச் சித்தியெய்தியவன் நான். அவர்கள் தமிழ்தான் கொச்சை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அந்தச் சிரிப்பிலேயே நான் திருந்தியிருக்க வேண்டும்.

கினிகத்தேனைக் கடைத்தெருவில் முஸ்லிம் பெரியவர் ஒருவரின் தேநீர்க் கடையில் மழைக்கு ஒதுங்கினோம். "வாங்க சார், நனைஞ்சிட்டீங்களே. சாயத்தண்ணி ஒண்ணு போடவா?" என்றார். சாயம் என்றால் எனக்குச் சேலைக்குத் தோய்ப்பது. வேண்டாம், தேத்தண்ணி தாருங்கோ என்றேன். அவர் பாலில்லாத தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இதுதான் சார் சாயத்தண்ணி. பேருதான் அப்புடி, குடிச்சா சாயம் ஏறாது" என்றார். அத்தனை நல்ல தேநீரை நான் அதற்கு முன் குடித்ததில்லை. மலையில் விளைவதில் நல்லது கப்பலேறிவிடும், தூசிதான் எங்களுக்கு வரும் என்று அவர்தான் சொன்னார்.

இரண்டாம் நாள் நிலையத்தில் கையொப்பமிட்டேன். இன்ஸ்பெக்டர் சிங்களவர், ஐம்பது வயதிருக்கும், மென்மையாகப் பேசுகிறவர். ஆங்கிலத்தில் சொன்னார்: "இங்கே முக்கால்வாசிப் பேர் பேசுவது தமிழ். என் ஆட்களில் ஒருவருக்கும் அதை எழுத வராது. வாக்குமூலம் எடுக்கத் தமிழ் எழுதத் தெரிந்த ஒருவனைத் தாருங்கள் என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீ வந்தது பெரிய உதவி."

அன்று மத்தியானம் பொலிஸ்காரர் விடுதியில் பாணும் பருப்பும் சாப்பிட்டேன். குளித்துவிட்டுத் துவட்டும்போது கணுக்காலில் இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அட்டை கடித்தது தெரியவேயில்லை. கூட இருந்த சிங்களக் கொன்ஸ்டபிள் சவர்க்காரத்தைத் தேய்த்து அதை விழுத்திவிட்டு, "மூன்று மாதத்தில் பழகிவிடும்" என்றான். அட்டைகள் எனக்குப் பழகுவதா, நான் அவற்றுக்குப் பழகுவதா என்று கேட்கத் தோன்றியது. எனக்கு அவ்வளவு சிங்களம் வரவில்லை.

மூன்றாம் நாள் இன்ஸ்பெக்டர் ஒரு பெட்டிசத்தை என் கையில் தந்தார். பெயரில்லாமல் எழுதப்பட்ட முறைப்பாடு. ஒரு தோட்டத்தில் கள்ளத்தோணி ஒருவன் ஒளிந்திருக்கிறான் என்று இருந்தது. கள்ளத்தோணி என்ற சொல் எனக்குப் புதிதல்ல. இந்தியாவிலிருந்து அனுமதியில்லாமல் படகில் வந்து இறங்குகிறவர்களை வடகரையில் பிடித்து எழுதியதுதான் என் நான்கு வருட வேலை. அதற்கு மூன்று கேள்விகள் போதும் என்று எங்கள் சார்ஜண்ட் பழக்கியிருந்தார். உன் ஊர் எது? எப்போது வந்தாய்? யார் கூட்டி வந்தது? மணலில் ஈரத்தோடு நிற்கிறவன் இந்த மூன்றுக்கும் பதில் சொன்னால் வேறொன்றும் கேட்கத் தேவையில்லை. "இது எனக்குப் பழகின வேலை, சேர்" என்று இன்ஸ்பெக்டரிடம் பெருமையாகச் சொன்னேன்.

நான்காம் நாள் காலை ஜீப்பில் அந்தத் தோட்டத்துக்குப் போனோம். பாதி வழியில் ஜீப் சேற்றில் புதைந்தது. கொழுந்துக் கூடையோடு மேலே நின்ற பெண்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "பொலிசையே தள்ள வேண்டியிருக்கு, இவங்க யாரத் தள்ளிக்கிட்டுப் போகப் போறாங்களோ" என்றாள் ஒருத்தி. அவர்களை வேலை வாங்குகிற கங்காணி அதட்டினார். பிறகு நாலைந்து ஆண்கள் இறங்கி வந்து தள்ளிவிட்டார்கள். தள்ளியவர்களில் முப்பது வயது மதிக்கத்தக்க, ஒல்லியான ஒருவர் என் சப்பாத்துச் சேற்றைத் தேயிலைத் தழையால் துடைத்துவிட வந்தார். நாங்கள் தேடிவந்த கருப்பண்ணன் அவர்தான் என்பது அரைமணி நேரம் கழித்துத் தெரிந்தது.

அவர் குடியிருந்த லயத்தைக் கண்டு நான் திகைத்துப் போனேன். ஒரே கூரையின் கீழ் பத்து அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். யன்னல் கிடையாது. அடுப்பும் படுக்கையும் ஒரே இடத்தில். சுவர் முழுவதும் புகை படிந்து தார் பூசியது போலிருந்தது. எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டிலில் காற்றாவது வரும். உலகம் முழுவதும் குடிக்கிற தேயிலையைப் பறிக்கிறவர்கள் இப்படி இருப்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

கருப்பண்ணனின் மனைவி அங்கம்மா நிறைமாதக் கர்ப்பிணி. ரொட்டியும் சம்பலும் தட்டில் வைத்து, "சாப்புடுங்க ஐயா, சேத்துல கஷ்டப்பட்டு வந்திருக்கீங்க" என்று நீட்டினாள். பசியாறிவிட்டேன் என்றேன். அது பொய். அந்தக் காலத்தில் நான் யாருடைய கையால் சாப்பிடுவது, யாருடைய கையால் சாப்பிடக்கூடாது என்பதில் கவனமாக இருந்தவன். அவள் அதைப் புரிந்துகொண்டு தட்டை மெல்ல உள்ளே எடுத்துப் போனாள்.

வாசலில் பலகையொன்றைப் போட்டுக்கொண்டு கேட்கத் தொடங்கினேன்.

"உன்ர ஊர் எது?"

அவர் முகம் மலர்ந்தது. ஒருவரும் கேட்காததை நான் கேட்டது போல நிமிர்ந்து நின்றார். "துறையூருங்க ஐயா. திருச்சி ஜில்லா. அங்க நம்ம ஆளுங்க நெறையப் பேரு இருக்காங்க."

"எப்ப வந்தனீ?"

"போன வருஷங்க. தைப்பொங்கல் கழிஞ்சு வந்தேன்."

"ஆர் கூட்டிக்கொண்டு வந்தது?"

"பெரிய கங்காணிதாங்க கூட்டியாந்தாரு."

மூன்று கேள்வி, மூன்று பதில். நான் அவற்றை அப்படியே நல்ல தமிழில் எழுதினேன். இந்தியா, திருச்சி ஜில்லா, துறையூரைச் சொந்த ஊராகக் கொண்டவன். சென்ற வருடம் தை மாதத்துக்குப் பின் வந்து சேர்ந்தவன். ஒரு கங்காணியால் அழைத்து வரப்பட்டவன். வாசித்துக் காட்டினேன். தமிழ் எழுதப்பட்ட விதமும் நான் வாசித்த வேகமும் அவருக்கு எவ்வளவு பிடிபட்டிருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. "சரிங்க ஐயா, சரிங்க ஐயா" என்று தலையாட்டிப் பெருவிரலை மையில் வைத்தார்.

தோட்ட உத்தியோகத்தரான கண்டாக்கு ஐயா பக்கத்தில் நின்றார். "இவன் புதுசா வந்தவன். இவன் சீட்டு ஆபீஸ்ல இருக்கும். தொரை கொழும்புக்குப் போயிருக்காரு, நாளை மறுநாள்தான் பெட்டியத் தொறப்பாரு" என்றார். அது என்ன சீட்டு என்று நான் கேட்கவில்லை. கையில் பெருவிரல் அடையாளம் இருக்கும்போது சீட்டு எதற்கு என்று நினைத்தேன்.

ஜீப்பில் ஏற்றும்போதுதான் அவருக்கு விஷயம் விளங்கத் தொடங்கியது. அப்போதும் அவர் மனைவியைப் பார்த்து, "ஐயா தமிழாளுதான். ஒண்ணும் வராது, நீ கெட" என்றார்.

ஐந்தாம் நாள் ஒரு கோப்பைக் கையளிக்க என்னை நுவரெலியாவுக்கு அனுப்பினார்கள். குதிரைப் பந்தயத் திடலையும் சீமைக் கூரை போட்ட வீடுகளையும் பார்த்தேன். தோட்டக்காரன் ஒருவன் ரோஜாச் செடிகளுக்குக் குளிராமல் சாக்குப் போர்த்திக்கொண்டிருந்தான். அவனுடைய தோளில் சட்டை கிழிந்திருந்தது. கந்தப்பளையிலும் ஒரு கடிதம் கொடுக்கவேண்டியிருந்தது. அங்கே திரும்பும் பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவரோடு பேச்சு வந்தது. கழுத்தில் சிலுவை போட்ட, சிரித்த முகமுள்ள மனிதர். பெயர் சவரிமுத்து. என் பேச்சைக் கேட்டதுமே, "சார் யாழ்ப்பாணமா? நீங்க பேசுறது காதுக்கு நல்லாத்தான் இருக்கு, பாதிதான் வெளங்குது" என்றார்.

பொழுது போவதற்காக, "மாஸ்டருக்கு எந்த ஊர்?" என்றேன்.

"புதுக்கோட்டைப் பக்கங்க. கீரனூரு."

"எப்ப வந்தனீங்கள்?"

"இங்கயா? ரெண்டு வருஷமாச்சுங்க."

"அதுக்கு முதல் இந்தியாவிலை படிப்பிச்சனீங்களோ?"

அவர் ஒரு கணம் விளங்காமல் பார்த்தார். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார். "இந்தியாவா? நான் கப்பலேறுற தலைமன்னாரே பாத்ததில்லைங்க. பொறந்தது பண்டாரவளைப் பக்கம். எங்கப்பாவும் அங்கதான் பொறந்தாரு. இந்த ஸ்கூலுக்கு மாத்தலாகி ரெண்டு வருஷம்னு சொன்னேன்."

"அப்ப கீரனூர்?"

"அது எங்க பாட்டன் பொறந்த ஊருங்க. நம்ம ஊரு எதுன்னு கேட்டா அதத்தானே சொல்லணும்? இங்க இருக்கறது தோட்டமில்லையா. தோட்டத்தப் போயி யாராச்சும் ஊருன்னு சொல்லுவாங்களா? நீங்க இந்த மலையில யாரக் கேட்டாலும் மதுர, துறையூரு, நாமக்கல்லுன்னுதான் சொல்லுவாங்க. ஒருத்தரும் போயிருக்க மாட்டாங்க."

குடித்துக்கொண்டிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். கங்காணி கூட்டி வருவது எங்கிருந்து என்று கேட்டேன். "எங்கிருந்துன்னா? இந்தத் தோட்டத்துல இருந்து அந்தத் தோட்டத்துக்குத்தான். ஆளு பத்தாட்டிப் போயிக் கூட்டியாருவாங்க" என்றார்.

நானு ஓயாவில் ரயில் ஏறினேன். எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாகப் போய் இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிட வேண்டும் என்ற ஒரே எண்ணம்தான் இருந்தது. இதை எனக்குச் சாதகமாகச் சொல்லவில்லை. அந்த எண்ணம் உண்மையில் இருந்தது என்பதால்தான் பின்னால் நடந்தது பெரிய குற்றமாகிறது. வட்டகொடையில் எதிர் ரயிலுக்காக ஒரு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தினார்கள். இறங்கி நடைமேடையில் சூடான பருப்பு வடை வாங்கித் தின்றேன்.

நிலையத்துக்கு வந்தபோது மாலை மங்கவில்லை. நேரே அவரை அடைத்திருந்த அறைக்குப் போனேன். கருப்பண்ணன் எழுந்து நின்றார்.

"நீ பிறந்தது எங்கை?"

"வட்டகொடையிலங்க ஐயா. ஸ்டேசனுக்கு மேல இருக்கற தோட்டம். எங்கப்பா, ஆயி ரெண்டு பேரையும் அங்கதான் பொதச்சிருக்கு."

"அதை ஏன் நேற்றுச் சொல்லேல்லை?"

அவர் பயந்துவிட்டார். தான் ஏதோ பிழை செய்துவிட்டதாக நினைத்தார். "நீங்க கேக்கலயே ஐயா. ஊரத்தானே கேட்டீங்க."

இன்ஸ்பெக்டரின் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே போனேன். நான் வாய் திறக்குமுன் அவர் எழுந்து வந்து என் தோளில் கைவைத்தார். வந்து ஐந்து நாளில் இப்படியொரு வழக்கை முடித்தவனைத் தான் பார்த்ததில்லை என்றார். காலையிலேயே மேலிடத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டாராம். என்னைச் சார்ஜண்டாக உயர்த்தப் பரிந்துரைத்து ஒரு கடிதமும் எழுதியிருந்தார். அதை மேசையிலிருந்து எடுத்து எனக்கு வாசித்துக் காட்டினார். 'மொழியில் ஐயத்துக்கிடமில்லாத தேர்ச்சியுடையவர்' என்று ஒரு வரி.

வாசித்து முடித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "நாளைக் காலை ரயிலில் அவனைக் கொழும்புக்கு அனுப்புகிறேன். அங்கிருந்து நேரே கப்பல்தான். அதற்குப் பிறகு திருத்த முடியாது. வாக்குமூலத்தில் பிழை ஏதும் உண்டா?"

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதரால் கேட்க முடியாது. அவர் என்னை அவசரப்படுத்தவில்லை. பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். பிழை உண்டு என்றால் அவர் கோபித்திருக்கவும் மாட்டார் என்று இன்று நினைக்கிறேன். அந்தக் கடிதம் கிழிக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். தமிழ் தெரியும் என்று வரவழைக்கப்பட்டவனுக்குத் தமிழ் விளங்கவில்லை என்று நிலையம் முழுவதும் சிரித்திருக்கும்.

"இல்லை, சேர்" என்றேன்.

ஆறாம் நாள் காலை இரண்டு கொன்ஸ்டபிள்கள் அவரை ஹட்டன் ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். நானும் போகவேண்டியிருந்தது. மேடையில் தோட்டத்து ஆட்கள் சிலர் அவரைப் பார்த்து ஒதுங்கி நின்றார்கள். யாரோ சிங்களத்தில், "கள்ளத்தோணி ஒன்று போகிறது" என்றார்கள். கருப்பண்ணனுக்கு அது விளங்கியிருக்கும். அவர் திரும்பவில்லை. பெட்டியில் ஏறியபின் என்னைத்தான் அழைத்தார்.

"ஐயா, அங்க இருக்கறவங்களுக்கு நம்ம பேச்சு வெளங்காதுங்களே. நான் போயி என்ன சொல்லணும்? ஒரு வார்த்த சொல்லிக் குடுங்க."

வட்டகொடை என்று சொல், பிறந்த இடம் வட்டகொடை என்று மட்டும் சொல் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல் போதும். பக்கத்தில் இரண்டு கொன்ஸ்டபிள்கள் நின்றார்கள். அவர்களில் ஒருவனுக்குக் கொஞ்சம் தமிழ் விளங்கும்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்றேன்.

"சரிங்க ஐயா" என்றார். ரயில் போய்விட்டது.

ஏழாம் நாள் காலை பத்து மணியளவில் அங்கம்மா நிலையத்துக்கு வந்தாள். அந்த வயிற்றோடு எட்டு மைல் நடந்து வந்திருந்தாள். தொரை திரும்பி வந்து பெட்டியைத் திறந்து கொடுத்த சீட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். ஒருவர் தோட்டம் விட்டுத் தோட்டம் மாறும்போது பழைய தோட்டம் எழுதிக் கொடுக்கிற சீட்டு அது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. என்ன போட்டிருக்கிறது என்று என்னைத்தான் கேட்டாள்.

வாசித்தேன். கருப்பண்ணன், இத்தோட்டத்தில் பிறந்தவர், பதினான்கு வயது முதல் இங்கே பேர் பதிந்தவர், நல்ல வேலையாள், தன் விருப்பத்தில் விலகுகிறார். கீழே வட்டகொடைத் தோட்டத்து முத்திரை தெளிவாக விழுந்திருந்தது.

"இது போதுங்களா ஐயா? வந்துருவாருங்களா?"

கப்பல் புறப்பட இன்னும் நாலு நாள் இருந்தது. மத்தியானத் தபாலில் அந்தச் சீட்டை அனுப்பியிருந்தால் மறுநாள் கொழும்பில் இருந்திருக்கும். ஆனால் அதை அனுப்பினால், பிழையில்லை என்று இன்ஸ்பெக்டரிடம் நான் சொன்னதன் கீழே இன்னொருவர் கேள்விக்குறி போடுவார்.

"போதும்" என்றேன். "சீட்டை இஞ்சை வைச்சிட்டுப் போ. நான் அனுப்பிவிடுறன்."

அவள் இரண்டு கையையும் கூப்பினாள். துணைக்கு வந்திருந்த பெண்ணிடம், "நாந்தான் சொன்னேன்ல, ஐயா நம்ம பாஷ தெரிஞ்சவருன்னு" என்றாள். படியிறங்கும்போது ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

சீட்டை நான் அனுப்பவில்லை. மேசை இழுப்பறையில் பழைய பதிவேடுகளின் அடியில் வைத்தேன். கருப்பண்ணனைக் கப்பலேற்றிய செய்தி அடுத்த கிழமை ஒரு வரியில் வந்தது. அதில் நான் கையொப்பமிட்டுக் கோப்பில் சேர்த்தேன்.

அங்கம்மா அதன் பிறகு மூன்று தடவை வந்தாள். கடைசித் தடவை கைக்குழந்தையோடு வந்தாள். ஒவ்வொரு தடவையும் கடுதாசி போயிருக்கிறது, மேலிடத்திலிருந்து பதில் வரவில்லை என்றேன். குழந்தையின் பெயரைப் பதிய வேண்டும், அப்பன் கையெழுத்து இல்லாமல் முடியாது என்கிறார்கள், அவர் வரும்வரை பொறுக்கட்டுமா என்று கேட்டாள். பொறுக்கச் சொன்னேன்.

நாலாம் தடவை அவள் வருமுன் நான் வடக்குக்கு மாற்றல் கேட்டு எழுதினேன். இன்ஸ்பெக்டர் வருத்தத்தோடு கையொப்பமிட்டார். காரணம் என்று இருந்த இடத்தில், குளிர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருந்தேன். உடனே தந்துவிட்டார்கள்.